மணியோசைக்குத் திரும்புகிறாள்

பிப்ரவரி 11, செவ்வாய்

தண்ணீர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. மெக்கானிக் வருகிறேன் என்றான், வரவில்லை.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு உயிர்வேதியியல் ரெக்கார்டுகளில் கையெழுத்துப் போட்டேன். ஒருவன் செய்த தப்பை வகுப்பு முழுவதும் வரி பிசகாமல் செய்திருக்கிறது. புது முதல்வர் என்னைவிட வயதில் இளையவர். வராந்தாவில் பார்த்தால் "ரெஸ்ட் எடுங்க சார்" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மாலையில் அக்கா உலகம்மாள் போன் செய்தாள். அவள் மகள் மீனலோசனிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிறந்ததும் அழவில்லை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். மூச்சு வரவழைத்துவிட்டார்கள், வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றாள். அக்கா அழாமல் பேசியதுதான் பயமாக இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தையைக் குளிரூட்டும் மெத்தையில் கிடத்தியிருக்கிறார்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோன குழந்தைகளுக்கு உடம்புச் சூட்டைக் குறைத்து வைத்தால் சேதம் குறையும். அது தெரிந்த சிகிச்சை, எனக்கு மறுப்பில்லை. சிவப்பாக, விரல் நீளக் கால்களோடு, சுற்றிலும் ஒயர்களோடு கிடந்தது. யார் சாயல் என்று அக்கா கேட்டாள். எனக்கு அதெல்லாம் தெரிவதில்லை.

லோசனியின் கணவன் திலீபன் என்னைத் தனியே கூப்பிட்டான். தூத்துக்குடிப் பையன், துறைமுகத்தில் வேலை, யாரையும் எளிதில் நம்புகிறவன். குளிர் சிகிச்சையோடு ஒரு புது மருந்தும் சோதித்துப் பார்க்கிறார்களாம். மூளைச் செல்களைச் சாகவிடாமல் தடுக்கிற மருந்து. சம்மதம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன், முதல் ஊசி நேற்றே போட்டாயிற்று என்றான். யாருடைய மருந்து என்று கேட்டேன்.

"நம்ம ஊரு ஹரிஹரசுதன் சார் மருந்துதான் மாமா. ஒங்ககூடப் படிச்சவர்லா? அதான் நான் யோசிக்கவே இல்ல."

அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

தெளிவாக எழுதிவைக்கிறேன். நாளை யாராவது என் மனதில் பொறாமை என்று சொன்னால், விஷயம் இதுதான்.

கேஸ்பேஸ் என்பது புரதங்களை வெட்டும் ஒரு நொதி. செல் சாக வேண்டிய நேரம் வந்தால் இது விழித்துக்கொண்டு உள்ளேயிருந்தே எல்லாவற்றையும் வெட்டிச் சாய்க்கும். பாடப்புத்தகத்தில் இதற்குக் கொலைகாரன் வேஷம் மட்டும்தான். மதுரையில் நாங்கள் ஆய்வு செய்த லேபில் ஒரு வழக்கம் இருந்தது. மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்துச் சாயம் ஏற்றுவோம். கேஸ்பேஸ் விழித்திருக்கும் செல் பழுப்பாகத் தெரியும். பழுப்பாகத் தெரிந்தால் அது செத்த செல், எண்ணிக்கையில் அப்படியே எழுத வேண்டும். யாரும் கேள்வி கேட்டதில்லை.

நான் வைத்திருந்தவை கூண்டுக் கடைகளில் விற்கிற ஃபிஞ்ச் குருவிகள். ஒரு புதுப் பாட்டைப் போட்டால் குருவி தலையைத் திருப்பிக் கேட்கும். திரும்பத் திரும்பப் போட்டால் பழகிப்போய்த் திரும்பாது. மறுநாள் போட்டாலும் திரும்பாது, அது நேற்றுக் கேட்ட பாட்டு என்று அதற்குத் தெரியும். அப்படிப் பழகிய குருவிகளின் மூளையில்தான் பழுப்பு நிறம் வந்தது. செத்த செல் எதுவும் இல்லை. கிளை நுனிகளில், இணைப்புகள் இருக்கும் இடத்தில் மட்டும், பொட்டுப் பொட்டாக. நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தேன். செல்கள் நன்றாக இருந்தன. ஆனால் மறுநாள் அதே பாட்டுக்குக் குருவி திரும்பியது. ஒவ்வொரு முறையும் திரும்பியது. அதற்கு எல்லாமே புதிது.

மூளை கற்பது சேர்ப்பதால் மட்டும் அல்ல, வெட்டுவதாலும்தான். அந்த வெட்டுகிற கை இந்த நொதி. இதைச் சொன்னபோது எங்கள் கைடு, சாயம் போடக்கூடத் தெரியவில்லை என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். பழுப்பைச் செத்தது என்று எண்ணச் சொன்னார். நான் எண்ணவில்லை. என் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஹரிஹரசுதன் அதே ஸ்லைடுகளை வாங்கி எண்ணினான். கட்டுரையில் அவன் பெயர் வந்தது, பட்டமும் அவனுக்குச் சீக்கிரம் வந்தது. பத்து வருஷம் கழித்து வேறு நாட்டுக்காரர்கள் நான் சொன்னதையே சொன்னார்கள். அதற்குள் நான் இந்தக் கல்லூரியில் ரெக்கார்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நொதியை முழுதாகத் தடுப்பதுதான் இப்போது அவன் மருந்து. அதுவும் பிறந்த குழந்தைக்கு. தேவையில்லாத இணைப்புகளை மூளை மும்முரமாக வெட்டிக்கொண்டிருக்கும் பருவத்தில்.

வார்டு டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையான பெண், கேட்டுக்கொண்டார். குழந்தைகளில் இப்படி ஆனதாக ஆதாரம் இருக்கிறதா என்றார். குருவிகளில் இருக்கிறது என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார். பேனாவை எடுக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மருந்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். சோதனையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அது பெற்றோரின் உரிமை. குளிர் சிகிச்சை தொடரும். பாக்கி ஊசிகளைப் போடாவிட்டால் போதும்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க் மூடியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீ எதையாவது நல்லதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல" என்றாள். பிறகு லோசனியின் கல்யாண வரவேற்பைப் பற்றி எடுத்தாள். அன்று ஹரிஹரசுதனை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு வயிறு சரியில்லை, சாப்பிடாமல் கிளம்பினேன், அவ்வளவுதான். தாய்மாமன் மேடைக்கு வரவில்லை என்று அக்கா இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவளுக்கு இப்படி ஒரு குணம்.

அதனால் நேராக லோசனியிடமே போனேன். தையல் போட்ட உடம்போடு சரிந்து படுத்திருந்தாள். பால் கட்டி வலிக்கிறது என்று நர்ஸ் இப்போதுதான் பீய்ச்சிக் கொட்டிவிட்டுப் போனாளாம். நான் சொன்னது முழுவதையும் கேட்டாள். சின்ன வயதில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது கேட்ட மாதிரியே, குறுக்கே பேசாமல். கடைசியில் கேட்டாள்:

"மாமா, நீங்க சொல்லுதது மருந்தப் பத்தியா, அவரப் பத்தியா?"

மருந்தைப் பற்றித்தான் என்றேன். உடனே சொன்னேனா, கொஞ்சம் தாமதித்தா என்று இப்போது நினைவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 15, சனி

ஹரிஹரசுதனுக்குப் போன் செய்தேன். எண்ணைத் திலீபன் கொடுத்தான். கான்டீனில் பால் வாங்க வரிசையில் நிற்கும்போது அவனே திரும்பக் கூப்பிட்டான். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. மற்றபடி அதே ஆள்.

"என்னவே கோமதி" என்றான். கோமதிநாயகம் என்ற என் பெயரை அப்படிச் சுருக்குகிறவன் அவன் ஒருவன்தான். அக்கா பேத்தி என்று அவனுக்குத் தெரியாதாம், வருத்தப்பட்டான். எந்தக் குழந்தைக்கு மருந்து, எந்தக் குழந்தைக்கு வெறும் உப்புத் தண்ணீர் என்பது தனக்கே தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, சோதனை முடியும்வரை யாருக்கும் சொல்லமாட்டார்கள் என்றான். அது எனக்கும் தெரிந்த விதிதான். நான் குருவிகளைச் சொன்னேன்.

"நீரு அன்னைக்குச் சொன்னது சரிதான்வே. இப்ப அது எல்லாருக்கும் தெரியும். நான் வகுப்புலயே சொல்லுதேன். ஆனா கவாத்து பண்ணணும்னா மொதல்ல செடி உயிரோட இருக்கணும்லா? சில நாள் மருந்துதான். அப்புறம் நொதி தன்னால வேலைக்கு வந்துரும்."

வருமா என்று கேட்டேன். வரும் என்று நினைக்கிறோம் என்றான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக எவ்வளவு வருஷம் காத்திருந்தேன். அவன் என்னைச் சரி என்று சொன்னபோது என் கையில் பிளாஸ்க் இருந்தது, பின்னால் நின்றவர் நகருங்கள் சார் என்றார். நான் நகர்ந்தேன். செடி உயிரோடு இருக்க வேண்டும் என்பது உண்மைதானே.

கடைசி ஊசி மத்தியானம் போட்டார்களாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

குளிர் மெத்தையிலிருந்து சனிக்கிழமையே எடுத்தாயிற்று. அழுததாம். அக்கா போனைக் குழந்தையின் வாயருகே வைத்துக் கேட்க வைத்தாள். நல்ல குரல்.

பிப்ரவரி 24, திங்கள்

ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. பெரிய சேதம் எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னாராம். திலீபன் எல்லோருக்கும் அல்வா அனுப்பியிருக்கிறான். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. மனைவி சண்பகம் பிரித்துக் கிண்ணத்தில் வைத்தாள்.

ஸ்கேனில் செல்கள் இருக்கின்றனவா என்றுதான் தெரியும், இணைப்புகள் தெரியாது என்று அவளிடம் சொன்னேன். அந்தக் கைடு, அந்த ஸ்லைடு, ஹரிஹரசுதன் என்று பேச்சு எங்கெங்கோ போனது. கல்யாணமான புதிதில் இதையெல்லாம் கேட்டு என்னைவிடக் கோபப்படுவாள். இப்போது மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. உரித்து முடித்ததும் தோலை வாரிக்கொண்டு எழுந்துபோனாள்.

மோட்டார் சரியாகிவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. அக்கா வீட்டில் சாப்பாடு. கூப்பிட்டது சண்பகத்தை, நான் கூடப் போனேன்.

குழந்தைக்கு மதிவதனி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பால் குடிக்கிறாள், எடை ஏறியிருக்கிறது. என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறந்த குழந்தைகள் எல்லாம் செய்கிற அனிச்சைச் செயல் அது, அதில் விசேஷம் இல்லை. இருந்தாலும் சாம்பார் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மே 18, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு மாங்காய் கொண்டுபோய்க் கொடுத்தேன். லோசனி குளிக்கப் போயிருந்தாள். அக்கா மாடியில் துணி எடுக்கப் போனாள், குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்றாள். மூன்று மாதக் குழந்தை பாயில் விழித்துக் கிடந்தது.

பூசை அலமாரியில் மணி இருந்தது. எடுத்தேன். அவள் கண்ணில் படாமல் தலைமாட்டுக்குப் பக்கவாட்டில் நின்று மெல்ல ஒரு தடவை அடித்தேன். திரும்பினாள். கொஞ்சம் விட்டு மறுபடி. திரும்பினாள். ஒரே அளவு சத்தம், ஒரே அளவு இடைவெளி. இந்த வயதுக் குழந்தை சில தடவை திரும்பும், பிறகு அலுத்துப்போய்த் தன் கையைப் பார்க்கத் தொடங்கிவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை அடித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் புருவத்தை உயர்த்திக்கொண்டு திரும்பினாள்.

அக்கா துணி மூட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"பச்சப் புள்ள காதுகிட்ட மணிய வச்சிக்கிட்டு என்ன பண்ணுத?"

சும்மா என்றேன். அவள் மணியைப் பிடுங்கி இருந்த இடத்தில் வைத்தாள். என் அக்கா முட்டாள் இல்லை. "இவ ஒன் குருவி இல்ல" என்றாள்.

மே 20, செவ்வாய்

ஒரு குழந்தை எதையும் நிரூபிக்காது. பார்த்தவனுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே ஆசையோ பயமோ இருந்தால் அது சோதனையே இல்லை. என் மாணவன் இப்படிச் செய்திருந்தால் ரெக்கார்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அவளுக்குப் பசியாக இருந்திருக்கலாம். அவளுக்குக் கிடைத்தது உப்புத் தண்ணீராக இருந்திருக்கலாம், அப்படியானால் பிறக்கும்போது பட்ட மூச்சுத் திணறலே காரணமாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

ரத வீதியில் ஒரு சின்னப் பித்தளை மணி வாங்கினேன். பையில் வைத்திருக்கிறேன். சண்பகம் பையில் டிபன் பாக்ஸ் வைக்கும்போது பார்த்தாள். அதைத் தள்ளிவைத்து டப்பாவுக்கு இடம் பண்ணினாள்.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் துறையில் வேலை பார்க்கும் செல்வராணி பிரசவ விடுப்பில் இருக்கிறாள். இன்று குழந்தையோடு கல்லூரிக்கு வந்திருந்தாள். எல்லோரும் சுற்றி நின்று கொஞ்சினார்கள். பையன், ஏறக்குறைய மதிவதனி வயதுதான். கூட்டம் கலைந்ததும் நான் போனேன். மணியை எடுத்து அவன் பக்கவாட்டில் அடித்தேன்.

திரும்பினான். மறுபடி திரும்பினான். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ கண்ணை மட்டும் உருட்டினான். அதற்குப் பிறகு நான் எவ்வளவு அடித்தும் கவனிக்கவில்லை. கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தான்.

செல்வராணிக்கு ஒரே சந்தோஷம். "சாருக்குக் கொழந்தைங்கன்னா இவ்ளோ பிரியமா, தெரியாமப் போச்சே" என்றாள். ஸ்டாஃப் ரூமில் போய் அதைச் சொல்லியிருக்கிறாள். முதல்வர்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார். இருபத்து மூன்று வருஷத்தில் இந்தக் கல்லூரியில் என்னைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொன்னது இதுதான் முதல்.

பையன் அலுத்துப்போய்க் கண்ணை எடுத்த அந்த நொடியை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 7, சனி

ஹரிஹரசுதனுக்குச் சொல்லலாம். போனில் எண் இருக்கிறது. நான் சொன்னேன் அல்லவா என்று தொடங்கலாம். மாலை முழுவதும் அந்த எண்ணை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவன் மறுக்கமாட்டான், குறித்துக்கொள்வான், ஒரு டாக்டரை அனுப்புவான். மருந்து எப்போதோ உடம்பைவிட்டுப் போய்விட்டது. இனி நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. கொடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. வெட்டுப்படாமல் விட்டுப்போன இணைப்பை வெட்ட இந்த உலகத்தில் யாரிடமும் மருந்து கிடையாது.

இந்த விஷயத்தில் மட்டும் நான் சொன்னது தப்பாகிவிட வேண்டும். யாரிடம் கேட்பது.

ஜூன் 9, திங்கள்

காஸ் சிலிண்டர் வந்தது. தலைவலி.

ஜூன் 15, ஞாயிறு

லோசனியே போன் செய்து வரச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அன்று பேசியதற்கு அப்புறம் அவள் என்னோடு நேராகப் பேசியதில்லை. சண்பகமும் நானும் போனோம். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று சண்பகம் என் பையைத் திறந்து அந்தப் பித்தளை மணியை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள். நான் வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். டாக்டர் நேற்றுப் பார்த்துவிட்டு வளர்ச்சி எல்லாம் சரியாக இருக்கிறது, கழுத்து நின்றுவிட்டது, சிரிக்கிறாள் என்று சொன்னாராம். திலீபன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அன்றைக்குத் தானும் பதற்றத்தில் இருந்ததாக ஏதேதோ சொன்னான். சண்பகம் மணியைக் கொடுத்ததும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கி வந்திருக்கிறான் என்று பிறகு அவளும் சமாதானமாகிவிட்டாள்.

திலீபன்தான் முதலில் அடித்தான். மதிவதனி லோசனியின் மடியில் இருந்து திரும்பிப் பார்த்தாள். மறுபக்கம் போய் அடித்தான், அந்தப் பக்கம் திரும்பினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனிடமிருந்து சண்பகம் வாங்கி அடித்தாள். அக்கா வாங்கி அடித்தாள். கூடம் முழுக்க அந்தச் சத்தம்தான். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவையாவது அவள் அலுத்துப்போக வேண்டும், விரலை வாயில் வைத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும், இவர்கள் எல்லோரையும் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

"பாத்தியா தம்பி" என்றாள் அக்கா. "எத்தன தடவ அடிச்சாலும் திரும்புதா. என்ன சுறுசுறுப்பு, என்ன அறிவு. நீதான் என்னெல்லாமோ சொல்லிப் பயமுறுத்துன."

லோசனி சிரிக்கவில்லை. குழந்தையின் தலைக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரச் சொன்னது இதற்காகத்தான் என்று அப்போது புரிந்தது. அக்கா அவளிடம் மணி விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஏன் அடித்தேன் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். கணக்கில் அவள் எப்போதும் கெட்டிக்காரி.

"மாமா" என்றாள், மற்றவர்கள் பேச்சுக்கு நடுவில், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நல்லாத்தான இருக்கா?"

என் அபிப்பிராயத்தை ஒருவர் நம்பிக் கேட்டார். நான் படித்தது, பார்த்தது, என்னிடமிருந்து பிடுங்கப்பட்டது எல்லாம் அந்தக் கேள்விக்கு உரிய பதிலாக என் வாயில் இருந்தது. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள்.

"நல்லா இருக்காம்மா" என்றேன்.

அவள் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். நம்பினாளா என்று தெரியவில்லை. குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள், மணியையும் என் கையில் கொடுத்தாள்.

அடித்தேன். திரும்பினாள். கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தேன். மதிவதனி புருவத்தை உயர்த்தி, அந்தச் சத்தத்தை இந்த உலகத்தில் இதற்குமுன் கேட்டதே இல்லை என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.